தோசை கருகினால் குற்றவாளி யார்?



தோசை ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளை. உடனே நாம என்ன சொல்றோம்? "ஏம்மா, இப்படிக் கருக்கிட்டீங்க?" அம்மா பாவம்! மாவும் நல்ல மாவுதான். புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கோயமுத்தூர் கிரைண்டரில் ஆட்டிய மாவாச்சே! அப்போ குற்றவாளி கல்லா, அடுப்பா? கொஞ்சம் பிரெட் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

தேவையானவை: தோசைக்கல், தீப்பெட்டி அளவில் வெட்டிய பிரெட் 10 துண்டு, கடிகாரம், இடுக்கி, பக்கத்தில் பெரியவர் ஒருவர்.

செய்முறை:
1. கல்லின் ஓரத்தில் சாக்பீஸால் ஓர் அடையாளம் போடுங்க. எண்ணெய் தடவாமல் மிதமான தீயில் 5 நிமிடம் காய வையுங்க.
2. நடுவில் ஒரு பிரெட், நாலு திசை ஓரத்திலும் ஒவ்வொன்று வையுங்க.
3. 1 நிமிடம் கழித்து, வைத்த வரிசையிலேயே எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்க. அதிகமாகச் சிவந்த இடத்தில்தான் சூடு அதிகம். நோட்டில் வட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்க.
4. அடுப்பை அணைத்து, கல் நன்றாக ஆறியதும் அரைவட்டம் திருப்பி வையுங்க. அதே தீ, அதே நேரம். மீதி 5 துண்டை வைத்து மறுபடி செய்யுங்க.

தீர்ப்பு:
கருத்த இடம் அடையாளத்தோடு சேர்ந்து திரும்பியதா? கல்தான் குற்றவாளி. அது வளைந்திருக்கலாம், ஒரு பக்கம் மெலிந்திருக்கலாம். திருப்பியும் பழைய திசையிலேயே கருக்கிறதா? அடுப்புதான். பர்னர் ஓட்டை அடைத்திருக்கும், இல்லையென்றால் ஜன்னல் காற்றில் தீ சாய்ந்திருக்கும். நடுவில் மட்டும் கருத்தால், சூடு ஓரத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அவசரப்பட்டிருக்கிறோம்!

ஏன் இப்படி?
வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய 4 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இரும்புக் கல்லில் சூடு மெதுவாகத்தான் பரவும். ஆனால் கல் கனமாக இருப்பதால், வாங்கிய சூட்டை எளிதில் விடாது. அதனால் பெரிய தீயில் 2 நிமிடம் காய்ச்சுவதைவிட, சின்னத் தீயில் பொறுமையாகக் காய வைத்தால் ஓரமும் நடுவும் நெருங்கி வரும்.

தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் சோதனைதான். 'சொய்ங்' என்று ஆவியானால் சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. துளிக்கு அடியில் ஆவி மெத்தை போல நின்று அதைத் தாங்குகிறது. இதை 1756-ல் விளக்கி எழுதியவர் ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட். ஆனால் தண்ணீர் சூட்டை மட்டும்தான் சொல்லும். எந்த இடத்தில் எவ்வளவு என்று படம் போட்டுக் காட்டுவது பிரெட்தான். அமெரிக்காவில் மரத்தூள் குச்சிகளை எரித்து இறைச்சி சுடும் அடுப்புகளையும் இப்படித்தான், தட்டு முழுக்க மாவு உருண்டைகளைப் பரப்பிச் சோதிக்கிறார்கள்.

இதில் நம்ம ஆய்வகத்துக்கும் ஒரு பாடம் இருக்கு. எல்லாவற்றையும் அப்படியே வைத்து, ஒன்றை மட்டும் மாற்றினால்தான் உண்மையான காரணம் பிடிபடும்.

பர்னர் அடைத்திருந்தால், சிலிண்டரை மூடி, ஆறிய பிறகு பெரியவர்களைக் கொண்டு சுத்தம் செய்யுங்க. கேஸும் மிச்சம், தோசையும் முறுகல், அம்மாவுக்கும் கெட்ட பேர் இல்லை!

உங்க வீட்டுக் கல்லின் படத்தை வரைந்து கொண்டு வாங்க. யார் வீட்டில் கல், யார் வீட்டில் அடுப்பு என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்!