கெம்பஸ் ஸ்ட்ரைக்கும் நமது நாட்சம்பளமும்



2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்துக் கொண்டிருந்தோம். அந்த நேரம் ஒரு தாய் கொழுந்துக் கூடையோடு வந்து நின்றார்.

"ஐயா, எங்க புள்ள வன்னியில கெம்பஸ் படிக்குது. மே மாசத்துல இருந்து ஸ்ட்ரைக்காம். லெப் பூட்டிக் கிடக்காம், சோதனையும் தள்ளிப் போச்சாம். இப்ப பளையில அவ பெரியப்பா வீட்டுல போயி இருக்குது. மாசாமாசம் சம்பளம் வாங்குறவங்களுக்கு எதுக்கு ஐயா ஸ்ட்ரைக்கு? நாங்க மழையில நனைஞ்சு படிக்க வைக்கிறோம், அவங்க கதவைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க."

அந்தத் தாயின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு தவணை தள்ளிப் போனால் வீட்டில் செலவு கூடுகிறது. ஆனாலும் அவர் கேட்டது நல்ல கேள்வி. மாதச் சம்பளக்காரர் ஏன் வேலையை நிறுத்துகிறார்? சம்பளப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது? அதில் நமக்கு என்ன பாடம்? இம்மாதம் இதைப் பார்ப்போம்.

கெம்பஸில் நடந்தது என்ன?

பல்கலைக்கழகத்தில் இரண்டு வகை ஊழியர்கள் உண்டு. பாடம் நடத்தும் விரிவுரையாளர்கள் கல்விசார் ஊழியர்கள். லிகிதர், ஆய்வுகூட உதவியாளர், நூலக ஊழியர், சாரதி, தொழிலாளி எல்லாரும் கல்விசாரா ஊழியர்கள். ஆய்வுகூடத்தைத் திறப்பதும், சோதனைப் பதிவை எழுதுவதும், தண்ணீர் மோட்டார் போடுவதும் இவர்கள்தான். தோட்டத்தில் கொழுந்து எடுக்க ஆள் இருந்தும் தொழிற்சாலையில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதே மாதிரிதான்.

2024 மே 2 ஆம் திகதி நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் கல்விசாரா ஊழியர்கள் தொடர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பள முரண்பாடும், 'மாதாந்த இழப்பீட்டுக் கொடுப்பனவு' என்ற ஒரு கொடுப்பனவும் தான் முக்கியப் பிரச்சினைகள். இரண்டு மாதத்துக்கும் மேல் போய், ஜூலையில்தான் அது முடிந்தது. தனித்தனிச் சங்கங்களாக இருந்தவர்கள் பல்கலைக்கழகத் தொழிற்சங்கக் கூட்டுக் குழு என்ற ஒரே பெயரில் நின்று பேசினார்கள்.

அதற்கு முன் 2012 ஆம் ஆண்டில் விரிவுரையாளர்களும் இப்படி நின்றார்கள். ஜூலை 4 ஆம் திகதி தொடங்கி ஒக்டோபர் வரை, ஏறக்குறைய நூறு நாள். சம்பள உயர்வு கேட்டார்கள். அதோடு நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். காலியிலிருந்து கொழும்புக்கு நடைபயணமும் போனார்கள். அந்த 6 சதவீதக் கோரிக்கையால்தான் வெளிச் சனமும் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. 'இவங்க தங்கள் பைக்கு மட்டும் கேட்கவில்லை, நம்ம புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கும் கேட்கிறாங்க' என்ற எண்ணம் வந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. 2011 ஆம் ஆண்டிலேயே விரிவுரையாளர்கள் போராட்டம் நடத்தி, பேச்சுவார்த்தைக்குப் பிறகு அதைக் கைவிட்டிருந்தார்கள். அப்போது ஒத்துக் கொண்டது நடக்கவில்லை என்பதே அடுத்த வருடம் அவர்கள் சொன்ன முறைப்பாடு. வாயால் சொன்ன வாக்கு சுற்றறிக்கையாக வந்து, சம்பளத் துண்டில் ஏறினால்தான் அது சம்பளம்.

காசு யார் கையில்?

பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பெரிய ஆள்தான். ஆனால் ஊழியர் சம்பளத்தை அவர் கூட்ட முடியாது. அவருக்கு மேலே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அதற்கு மேலே அமைச்சு, எல்லாவற்றுக்கும் மேலே பணத்தை விடுவிக்கும் திறைசேரி. ஆகவே கெம்பஸ் வாசலில் கோஷம் போட்டாலும் பேச வேண்டிய மேசை கொழும்பில்தான் இருக்கிறது.

தோட்டத்திலும் அப்படித்தான். 1992 ஆம் ஆண்டில் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குப் போன பிறகு, நாட்சம்பளம் பல வருடங்களாகக் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானிக்கப்பட்டது. கம்பனிகள் சார்பில் முதலாளிமார் சம்மேளனம் ஒரு பக்கம். தொழிற்சங்கங்கள் மறுபக்கம். தோட்டத் துரையோடு சண்டை பிடித்து நாட்சம்பளத்தைக் கூட்ட முடியாது. ஆனால் துரையோடு பேசித் தீர்க்க வேண்டிய காரியங்களும் உண்டு. தராசு சரியா, அரைப்பேர் போட்டது நியாயமா, மருந்தடிக்கக் கையுறை உண்டா, மலையில் மலசலகூடம் உண்டா என்பவை தோட்டத்திலேயே தீர வேண்டியவை. எதை எந்த மேசையில் கேட்பது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மொத்தமா, அடிப்படையா?

கெம்பஸ் ஊழியர் ஒரு கொடுப்பனவுக்காக இரண்டு மாதம் நின்றதைப் பார்த்து, 'அடிப்படைச் சம்பளம் வேறு, கொடுப்பனவு வேறா?' என்று சிலர் கேட்டார்கள். வேறுதான். நமது கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று பேசப்பட்டது. பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. ஊழியர் சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்துக்கே கணக்கிடப்பட்டது. கம்பனி போட வேண்டிய 12 சதவீதம் 500 ரூபாவுக்கு 60 ரூபா. 730 ரூபாவும் அடிப்படையாக இருந்திருந்தால் 87 ரூபா 60 சதம். ஒரு நாளைக்கு 27 ரூபா 60 சதம் வித்தியாசம். ஓய்வு பெறும் நாளில் அது எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து பெருக்கிப் பாருங்கள்.

2019 ஜனவரியில் அடிப்படை 700, விலைப் பங்கு 50, ஆக 750 ரூபா ஆனது. மொத்தம் 20 ரூபாதான் கூடியது. ஆனால் அடிப்படை 200 ரூபா கூடியது. வரவுக்கும் உற்பத்திக்கும் கொடுத்த காசு போய்விட்டது. இதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. 'எவ்வளவு' என்று மட்டும் கேட்டால் இது விளங்காது. 'எதில் எவ்வளவு' என்று கேட்க வேண்டும்.

சம்பளம் வந்தது, வேலை நிலைமை போனது

சம்பளத்தோடு வேலை நிலைமையையும் சேர்த்துப் பேசுவதுதான் பேச்சுவார்த்தை. கெம்பஸ் என்றால் லீவு, பதவி உயர்வு, வெற்றிடத்துக்கு ஆள் போடுதல். தோட்டம் என்றால் எத்தனை கிலோ, எத்தனை மணி, எத்தனை நாள் வேலை.

1000 ரூபா கேட்டுப் பல வருடம் கோஷம் போட்டோம். 2021 ஆம் ஆண்டில் அது சம்பள நிர்ணய சபை மூலம், 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவுமாக, மார்ச் மாத வர்த்தமானியில் வந்தது. இந்தச் சபை 1941 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது. முதலாளி பக்கமும் தொழிலாளி பக்கமும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள், நியமன உறுப்பினர்களும் இருப்பார்கள். சபை சொல்வது ஆகக் குறைந்த சம்பளம். அதற்குக் கீழே கொடுப்பது சட்டப்படி குற்றம்.

ஆனால் அதோடு கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஆயிரம் வந்த சந்தோஷத்தில் பலர் இதைக் கவனிக்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வேலை நிலைமைகளுக்குப் பிடிமானம் இல்லாமல் போனது. 'கிலோவைக் கூட்டிட்டாங்க', 'கிலோ குறைஞ்சா அரைப்பேர் போடுறாங்க' என்று பல தோட்டங்களில் தகராறு வந்தது இதற்குப் பிறகுதான். பின்னால் வந்ததும் உங்களுக்குத் தெரியும். கெம்பஸ் ஸ்ட்ரைக் தொடங்கிய அதே கிழமையில்தான், 2024 ஏப்ரல் 30 ஆம் திகதி வர்த்தமானியில், 1700 ரூபா அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டெம்பரில் 1350 ரூபா என்று நின்றது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கவும், வரவுக்காக அரசாங்கம் 200 ரூபா சேர்க்கவும் முன்மொழியப்பட்டது. தொகை கூடிக் கொண்டு வருகிறது, நல்லது. ஆனால் எத்தனை கிலோவுக்கு, எத்தனை நாளுக்கு என்பது எந்தக் காகிதத்தில் இருக்கிறது? அதைக் கேட்க மறந்துவிடக் கூடாது.

பளையில் கேட்ட கதை

அந்தப் பிள்ளையின் பெரியப்பாவை நாம் பின்னொரு முறை வடக்குக்குப் போனபோது பளையில் சந்தித்தோம். ஏ-9 பாதையில் இறங்கி உள்ளே நடந்தால் இரண்டு பக்கமும் தென்னங்காணி. அவர் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போனது. அப்படிப் போன குடும்பங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும் உண்டு. அவருக்குத் தென்னங்காணியில் தேங்காய் உரிக்கும் கூலி வேலை.

"தம்பி, ஸ்ட்ரைக் நடக்கிற நேரம் புள்ள இங்க இருந்து அவங்களைத் திட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் சொன்னேன், திட்டாத புள்ள, அவங்களுக்குக் கேட்க ஒரு சங்கம் இருக்கு, பேச ஒரு மேசை இருக்கு. எனக்குக் கூலி யாரு சொல்லுறது? காணிக்காரர் சொல்லுறதுதான் கூலி. கேட்டா, நாளைக்கு வேற ஆள். தோட்டத்துல எங்கப்பா சந்தா கட்டுறாருன்னு நான் சின்னப் பயலா இருக்கையில சிரிப்பேன். இப்பத்தான் விளங்குது."

நாம் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தோம். ஆகக் குறைந்த சம்பளச் சட்டம் அவருக்கும் உண்டு. ஆனால் தனி ஆளாகப் போய் அதைக் கேட்க அவருக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?

நமது மேசை சும்மா வந்ததல்ல. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பளம் கேட்டு நின்றபோது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் உயிரை விட்டார். அதற்குப் பிறகுதான் தோட்டச் சங்கங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்ற நிலை மெல்ல வந்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, ஒரு தொழிலிடத்தில் 40 சதவீதம் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால் அந்தச் சங்கத்தோடு பேச முடியாது என்று முதலாளி மறுக்க இயலாது. பத்துப் பேர் பத்துச் சங்கமாகப் பிரிந்தால் யாருக்கும் அந்த 40 வராது. இதை யோசித்துப் பாருங்கள்.

மேசையில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். 2015 செப்டெம்பரில் கேரளாவின் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் போனஸ் வெட்டியதற்கு எதிராகத் தாங்களே ரோட்டில் இறங்கினார்கள். அவர்களும் நம்மைப் போலத் தமிழ்ப் பெண்கள்தான். ஆண் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். 20 சதவீதம் வாங்கிய பிறகே மலைக்கு ஏறினார்கள். நமது தோட்டத்திலும் கொழுந்து எடுப்பது அநேகமாகப் பெண்கள். கமிட்டியில் எத்தனை பெண்கள்?

அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்

1. நமது கோரிக்கை எழுத்தில் இருக்கிறதா? அதைப் படித்துக் காட்டுவீர்களா?

2. இது தோட்டத்தில் தீர்வதா, கொழும்பில் தீர்வதா?

3. கேட்கும் தொகையில் அடிப்படை எவ்வளவு? சேமலாப நிதி எதற்குக் கணக்கிடப்படும்?

4. கிலோவும் வேலை நேரமும் சேர்த்துப் பேசப்படுகிறதா?

5. ஒத்துக் கொண்டதை எழுதிக் கையெழுத்து வைத்தது யார்? பிரதி எங்கே?

6. பேசப் போகும் குழுவில் பெண்கள் உண்டா?

இதோடு சம்பளத் துண்டுகளை எறியாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு படிப்பு.

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் சொன்னபோது அவர் உடனே ஒத்துக் கொள்ளவில்லை. "அது சரி ஐயா, ஆனா எம் புள்ளைக்குப் போன மாசங்களை யாரு குடுப்பா?" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. வேலை நிறுத்தத்தின் கஷ்டம் எப்போதும் பக்கத்தில் நிற்பவர் தலையிலும் விழுகிறது. அதனால்தான் பேச்சுவார்த்தை நேரத்தோடு நடக்க வேண்டும், சொன்ன வாக்கைக் காக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

பிள்ளை பிறகு கெம்பஸுக்குத் திரும்பிப் போய்விட்டது. போன லீவுக்கு வந்தபோது அம்மாவின் சம்பளத் துண்டை எடுத்து, "அம்மா, இதுல அடிப்படை எது?" என்று கேட்டதாம். தாய் நம்மிடம் சிரித்துக் கொண்டே சொன்னார். "ஐயா, இப்ப நானும் மாசாமாசம் பார்க்கிறேன்."

நீங்களும் பாருங்கள். விளங்காவிட்டால் துண்டை எடுத்துக் கொண்டு நமது காரியாலயத்துக்கு வாருங்கள்.