மேலே மாநில மலர், கீழே ஆளைக் கொல்லும் கிழங்கு! வீட்டுத் தோட்டத்தில் செங்காந்தள் வளர்ப்பவர்கள் உஷார்!!

சென்னை, நவ.20-

மழை பெய்து ஓய்ந்த காலை. மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. வேப்ப மரத்து நிழலில் வேலி ஓரமாக ஒரு கொடி ஏறியிருக்கிறது. அதன் நுனியில் நெருப்பு பற்றிக்கொண்டது போல ஒரு பூ!

"இன்னா பூ சார் இது? தீப்பந்தம் மாதிரி கீதே?" என்று வாசலில் போகிறவர் நின்று கேட்பார். அதுதான் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர்.

பார்க்க ராணி. ஆனால் அடியிலே மண்ணுக்குள் இருப்பது எமன். இந்தச் செடியின் கிழங்கைத் தெரியாமல் தின்றால் உயிருக்கே ஆபத்து. தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் பகுதிகளில் வீட்டுத் தோட்டமும் மாடித் தோட்டமும் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

ஒரு பூவுக்கு ஏழெட்டு பேர்

செங்காந்தளுக்குப் பேர் பல. கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப்பூ. ஈழத்திலும் இந்தப் பேர்தான். கிராமத்தில் கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. வடமொழியில் 'லாங்கலி' என்பதற்கும் கலப்பை என்ற பொருள்தான்.

"இந்தப் பூவை உத்துப் பார்த்தா கண்ணு வலி வரும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். பார்ப்பதால் ஒன்றும் வராது. தின்றால்தான் வரும், கண்வலி அல்ல, அதைவிடப் பெரிய வினை.

சங்க காலத்திலேயே இது பேர் வாங்கிய பூ. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பட்டியல் வருகிறது. அதில் முதல் பூ இதுதான். 1977-ம் ஆண்டு இந்திய தபால் துறை பூக்களுக்கு ஸ்டாம்பு வெளியிட்டபோது அதிலும் இதற்கு இடம் கிடைத்தது.

வெளிநாட்டிலும் மவுசு குறையவில்லை. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலர் இது. இங்கிலாந்து ராணி எலிசபெத் இளவரசியாக இருந்த 1947-ம் ஆண்டு, அவருடைய 21-வது பிறந்த நாளுக்கு அந்த நாட்டில் (அப்போது தெற்கு ரொடீஷியா) கொடுத்த பரிசு என்ன தெரியுமா? இதே பூவின் வடிவத்தில் செய்த வைர நகை!

3 நிற வேஷம்

இந்தப் பூவை அடையாளம் காண்பதில் பலர் ஏமாறுகிறார்கள். காரணம், இது நிறம் மாறும். விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். பிறகு இதழின் மேல்பாதி சிவக்கும். கடைசியில் முழுப்பூவும் ரத்தச் சிவப்பாகிவிடும்.

"நேத்து மஞ்சப் பூ இருந்துச்சே, இன்னிக்கு யார் செவப்பு பூவை வெச்சது?" என்று கேட்கத் தோன்றும். இரண்டும் ஒரே பூதான்.

இதழ் 6. ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். பூ கீழே பார்த்தபடி தொங்க, இதழ்கள் மட்டும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். மகரந்தக் காம்பும் 6. அவை குடைக்கம்பி போல சுற்றி விரிந்திருக்கும். நடுவில் உள்ள சூல்தண்டு மட்டும் நேராக நிற்காமல், முழங்கை மடக்கியது போல பக்கவாட்டில் திரும்பிவிடும். இந்த லட்சணம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். செங்காந்தள்தான்.

நர்சரிகளில் 'ரோத்ஸ்சைல்டியானா' என்று ஒரு வகையும் விற்பது உண்டு. இதழ் அகலமாக, நெளிவு குறைவாக, சிவப்பில் மஞ்சள் கரை போட்டது போல இருக்கும். பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் விஷத்தில் இரண்டும் ஒன்றே.

பூ இல்லாதபோது இலையைப் பாருங்கள்

பூத்திருக்கும்போது யாரும் ஏமாறப் போவதில்லை. ஆபத்து பூ இல்லாத மாதங்களில்தான்.

அப்போது இலைதான் சாட்சி. வேல் போன்ற நீள இலை. நரம்புகள் அடியிலிருந்து நுனி வரை கோடு கோடாக ஓடும். முக்கியமான அடையாளம் இலையின் நுனி! அது எலிவால் போல மெலிந்து சுருண்டிருக்கும். அந்தச் சுருளால்தான் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு கொடி மேலே ஏறுகிறது.

சாப்பிடும் வள்ளிக்கிழங்குக் கொடி அப்படி அல்ல. அதன் இலை நுனியில் சுருள் கிடையாது. தண்டுதான் கொம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறும். இலையும் பெரும்பாலும் இதய வடிவில் இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் ஒரு குடும்பமே தப்பித்துவிடலாம்.

குடி மாறும்போது வரும் வினை

மழைக்காலம் போய் தை, மாசி வந்ததும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். மண்ணுக்கு மேலே தடயமே இருக்காது. கிழங்கு மட்டும் உள்ளே தூங்கும்.

சென்னையில் வாடகை வீடு மாறுவது சகஜம். பழைய குடித்தனக்காரர் தொட்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார். புதிதாக வந்தவர் கீரை போடலாம் என்று மண்ணைக் கிளறுவார். கையில் ஒரு கிழங்கு அகப்படும். மேலே பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை.

"அம்மா, தொட்டியிலே கிழங்கு கெடக்குது. கொழம்புல போட்டுரலாமா?" என்று வேலைக்காரப் பெண் கேட்டால், விஷயம் தெரியாத வீட்டுக்காரம்மா என்ன சொல்வார்? அங்கேதான் விபரீதம்!

கிழங்கின் அடையாளம்: உருண்டையாக இருக்காது. விரல் தடிமனில் 'வி' எழுத்து போல, அல்லது கலப்பை போல இரண்டாகப் பிரிந்து வளைந்திருக்கும். இப்படி ஒரு கிழங்கு கிடைத்தால் சமையலறைப் பக்கம் கொண்டு போகவே கூடாது. வேக வைத்தால் விஷம் போய்விடும் என்பதும் தப்புக் கணக்கு.

முடி முழுக்க கொட்டியது!

விஷத்தின் பேர் கால்ச்சிசின். கிழங்கு, விதை, இலை என்று செடியின் எல்லா பாகத்திலும் இருக்கிறது.

தின்ற சில மணி நேரத்தில் வாய், தொண்டை எரிச்சல். பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. காலரா வந்தது போல ஆளைப் போட்டு அடித்துவிடும். பிறகு வாந்தி சற்று அடங்கலாம். "சரியாப் போச்சு" என்று வீட்டில் நினைப்பார்கள். ஆனால் உள்ளே விஷம் வேலை செய்துகொண்டே இருக்கும். அடுத்த சில நாட்களில் சிறுநீரகம், இதயம், எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜை எல்லாம் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

இலங்கையில் இந்தக் கிழங்கைத் தின்று பிழைத்த ஒருவருக்கு உடம்பெங்கும் முடி கொட்டிய சம்பவம், 1966-ம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்தின் பத்திரிகையிலேயே வெளிவந்தது. அந்த நாட்டில் செடி விஷத்தால் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் இந்தக் கிழங்கால் பாதிக்கப்பட்டவர்கள் கணிசம்.

இதற்கு உடனே ஊசி போட்டு முறிக்கும் மாற்று மருந்து ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகக் கிடையாது. எனவே நேரம்தான் மருந்து. யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் 108-க்கு போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. மிச்சக் கிழங்கையோ, ஒரு இலையையோ கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

விஷமே மருந்து

கவுட் என்ற மூட்டு வீக்க நோய்க்கு மாத்திரை தயாரிப்பதும் இதே கால்ச்சிசினில்தான். அதற்காகவே திருப்பூர் மாவட்டம் மூலனூர், திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பந்தல் போட்டு இதைப் பயிர் செய்கிறார்கள். விதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. சூல்தண்டு திரும்பி நிற்பதால், காய் பிடிக்க அங்கே ஆட்கள் காலை நேரத்தில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள்.

மருந்தாச்சே என்று வீட்டுச் செடியைப் பறித்து அரைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். உயிரோடு விளையாடும் காரியம் அது.

அப்படியானால் வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். நம்ம மண்ணின் செடி. காட்டில் புதர் நிழலில் முளைத்து, வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறுவது இதன் சுபாவம். அதனால் மரத்தடியில் வெயில் புள்ளி புள்ளியாக விழும் இடம் போதும். அடி நிழல், நுனி வெளிச்சம் என்பதுதான் கணக்கு. அறவே இருட்டாக இருந்தால் கொடி ஓடும், பூ வராது.

ஆனி, ஆடியில் கிழங்கு நட வேண்டும். கிழங்கின் நுனியில் முளை இருக்கும். அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. எனவே பதமாகக் கையாள வேண்டும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. செம்மண்ணோடு மணல் கலந்து, 2 அங்குல ஆழத்தில் படுக்க வைத்து மூடலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பக்கத்தில் ஒரு குச்சியோ கம்பி வலையோ வேண்டும். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

குழந்தைகள், ஆடு மாடு, நாய் வரும் இடத்தில் வைக்கக் கூடாது. காய் வெடித்தால் உள்ளே இருக்கும் சிவப்பு விதை குழந்தைகளின் கண்ணை இழுக்கும். வீட்டில் பிஞ்சுகள் இருந்தால் பூ வாடியதுமே காம்போடு கிள்ளி எறிந்துவிடுவது புத்திசாலித்தனம். வேலை முடிந்ததும் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும்.

கிண்டியில் கை வைக்காதீர்!

செடி எங்கே கிடைக்கும்? நர்சரியில் கேட்டு வாங்கலாம். மீன்பாடி வண்டியில் செடி கொண்டு வருபவரிடம் சொல்லி வைக்கலாம். காட்டில் தோண்டி எடுக்கும் வேலை மட்டும் கூடாது.

நகரத்துக்கு நடுவே நமக்கு மிச்சம் இருக்கும் புதர்க்காடு கிண்டி. சுமார் 2.7 சதுர கிலோ மீட்டர்தான். 1978-ம் ஆண்டு தேசியப் பூங்கா ஆனது. 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்புச் சட்டப்படி அங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். "ஒரு கிழங்குதானே சார்" என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது.

கடைசியாக ஒரு வேலை. 10 ரூபாய் செலவு கூட ஆகாது. செங்காந்தள் தொட்டியின் மேல் பெயிண்டால் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: "விஷக் கிழங்கு. தின்னாதே."

பூ கார்த்திகையோடு போய்விடும். கொடியும் காய்ந்துவிடும். வீட்டைக் காலி செய்து நீங்களும் போய்விடுவீர்கள். அடுத்து வருகிறவரின் உயிரைக் காப்பாற்ற அந்த எழுத்து மட்டும் அங்கே இருக்கும்.