உங்களுக்குத் தெரியுமா? கண்ணை மறைத்தால் கால் விழித்துக்கொள்ளும்!

★ ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்பது ஆரோக்கியமான இளைஞருக்குப் பெரிய காரியமே இல்லை. அதே ஆள் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பெரும்பாலோருக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்குள் தூக்கிய கால் தரைக்கு வந்துவிடும். கால் அதேதான், தரையும் அதேதான். போனது பார்வை மட்டும். வீரர்களுக்குச் சமநிலைப் பயிற்சி தரும் பிசியோக்கள் பார்வையை வேண்டுமென்றே கெடுப்பது இதனால்தான்.

★ விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து சேதி வருகிறது. ஒன்று கண். இன்னொன்று தசை, மூட்டு, பாதத்தின் தோல். மூன்றாவது உட்செவி: காதுக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன, அவற்றை ஒட்டியுள்ள இரண்டு பைகளில் கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கின்றன, அவை தலையின் சாய்வைச் சொல்கின்றன. நல்ல வெளிச்சத்தில், கெட்டியான தரையில் நிற்கும்போது தசை, மூட்டு, பாதத்தின் பங்கு 70 சதவீதம், உட்செவி 20, கண் 10 என்று மதிப்பிடுகிறார்கள். தரை நெகிழ்ந்தாலோ நிற்கும் இடம் குறுகினாலோ இந்தக் கணக்கு மாறிவிடும். பாதம் சொல்வதை அவ்வளவாக நம்பாமல் மற்ற இரண்டையும் மூளை அதிகமாகக் கேட்கத் தொடங்கும்.

★ 1970களில் எடின்பரோவில் டேவிட் லீ என்ற உளவியலாளர் ஒரு விசித்திரமான அறையைக் கட்டினார். தரை அசையாது; சுவரும் கூரையும் மட்டும் மேலிருந்து தொங்கும். நடை பழகும் குழந்தையை உள்ளே நிறுத்திச் சுவரை மெல்ல நகர்த்தினார்கள். தரை ஆடவே இல்லை, ஆனாலும் குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் விழுந்தே போனார்கள். பெரியவர்களும் ஆடினார்கள். பழக்கமில்லாத நிலையில், குறுகலான கட்டைமேல் நின்றபோது அவர்களுக்கும் ஆட்டம் கூடியது. பாதத்துக்கு வேலை கடினமாகும்போது கண் சொல்லும் பொய்யைக்கூட உடம்பு நம்பிவிடுகிறது.

★ நிலையத்தில் பக்கத்து ரயில் நகர, நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று நினைப்போமே, அதுவும் இதே ஏமாற்றம்தான்.

★ கண்ணை மூடச் சொல்லி ஆட்டத்தைப் பார்க்கும் பரிசோதனைக்கு ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க்கின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் விவரித்தார். தண்டுவட நோய் வந்து கால்களின் உணர்வை இழந்தவர்கள் கண் திறந்திருக்கும்வரை நிற்பார்கள், மூடியதும் சாய்வார்கள்.

★ இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நேரக்கணக்கு. குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ யாரும் இடிக்காமலே முழங்காலின் முன் சிலுவைத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., கிழிவதுண்டு. காட்சிப் பதிவுகளை அலசியவர்கள் சொல்வது: பாதம் தரையைத் தொட்ட முதல் 50 மில்லிவினாடிக்குள்ளேயே பெரும்பாலும் அது நடந்துவிடுகிறது. கண்ணில் பட்டதை மூளை புரிந்துகொண்டு காலுக்குக் கட்டளை அனுப்ப 100 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கபடியில் ரெய்டுக்குப் போகிறவரின் கண் எதிரணியின் கைகள்மேல் இருக்கும். கால்பந்து வீரரின் கண் பந்தின்மேல் இருக்கும். தன் முழங்காலைப் பார்த்துக்கொள்ள அங்கே யாருக்கும் கண் மிச்சமில்லை. கண்ணின் உதவி இல்லாமல் கால் தன்னைக் காத்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம்.

★ அறுவை சிகிச்சை முடிந்து திரும்பும் வீரருக்கு இது இன்னும் அவசியம். அமெரிக்க ஆய்வாளர் டஸ்டின் கிரூம்ஸ் குழுவினர், ஏ.சி.எல். சரிசெய்யப்பட்டவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னார்கள். சாதாரண அசைவுதான். ஆனால் காயமே படாதவர்களைவிட இவர்கள் மூளையில் பார்வை சார்ந்த பகுதி கூடுதலாக வேலை செய்தது. கிழிந்த தசைநாரோடு அதன் உணர்வு நரம்புகளும் போய்விடுகின்றன; அந்த இடத்தை நிரப்பக் கண்ணைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது மூளை. அமைதியான சிகிச்சை அறையில் அது தெரியாது, மைதானத்தில் தெரிந்துவிடும். வலி போய்விட்டது, தசை தேறிவிட்டது என்று மட்டும் பார்த்து வீரரை ஆட அனுப்புவது போதாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

★ கண்ணை முழுக்க மூடினால் ஓட முடியாது, பந்தைப் பிடிக்க முடியாது. அதனால் வந்தது சிமிட்டும் கண்ணாடி. அதன் திரவப் படிக வில்லைகள் கணத்துக்குக் கணம் தெளிவதும் மறைப்பதுமாக இருக்கும். 2011இல் நைக்கி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்ணாடியில் தெளிந்திருக்கும் நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. மறைக்கும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீபன் கரி இத்தகைய கண்ணாடியோடு பந்து தட்டிப் பயிற்சி செய்திருக்கிறார். கரோலினா ஹரிகேன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் நடந்த, 2013இல் வெளியான சோதனையில் இதை அணிந்து பழகியவர்களின் ஆட்டத்திறன் சுமார் 18 சதவீதம் கூடியது. ஆனால் அது மிகச் சிறிய குழு. கண்ணாடி போட்டால் சாம்பியன் ஆகலாம் என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

★ காசில்லாத வழியும் உண்டு. முதலில் கெட்டித் தரையில் ஒற்றைக்கால், கண் திறந்து. பிறகு கண் மூடி. அடுத்து தடித்த ஸ்பாஞ்ச் மெத்தைமேல் கண் திறந்து. அது கைவந்ததும் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே நிற்பது, பந்தை எறிந்து பிடிப்பது. மெத்தைமேல் கண் மூடி நிற்பது கடைசிப் படி. பாதத்தின் சேதி குழம்பி, கண்ணும் இல்லாதபோது சுமை முழுக்க உட்செவிமேல் விழும்.

★ சுவரை ஒரு விரல் நுனியால் தொட்டாலே போதும்! 1990களில் ஜெகா, லாக்னர் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டது: உடம்பைத் தாங்கவே முடியாத அளவு லேசான தொடுதலும் கண் மூடி நிற்பவரின் ஆட்டத்தை வெகுவாகக் குறைக்கிறது. விரல் தாங்குவதில்லை, தகவல் தருகிறது. புதிதாகத் தொடங்குவோர் சுவரோரம் நிற்பது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

★ தலையில் அடிபட்ட வீரரைச் சோதிக்கும்போதும் கண்ணை மூடச் சொல்வார்கள். இரண்டு கால் சேர்த்து, ஒற்றைக்காலில், ஒரு காலுக்குப் பின்னால் மறுகாலை ஒட்டவைத்து என மூன்று நிலை. இடுப்பில் கை, ஒவ்வொன்றும் 20 வினாடி. கை விலகினாலும் கண் திறந்தாலும் கால் பெயர்ந்தாலும் பிழை.

★ விண்வெளியிலிருந்து திரும்பும் வீரர்களுக்கும் சமநிலைச் சோதனை உண்டு. சுற்றியுள்ள திரை அவர்கள் ஆட்டத்தோடு சேர்ந்தே ஆடும். அதனால் கண்ணுக்கு எதுவும் அசைந்ததாகத் தெரியாது; கண் திறந்திருந்தும் உதவாது.

★ பார்வையற்றோர் கால்பந்தில் கோல்கீப்பர் தவிர எல்லாருக்கும் கண்கட்டு கட்டாயம். பந்துக்குள் சத்தமிடும் மணிகள். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் அறிமுகமான இந்த ஆட்டத்தில் தொடர்ந்து ஐந்து முறை பிரேசில் தங்கம் வென்றது. முழு வேகத்தில் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு அவர்கள் திரும்பும் அழகைக் காணொளியில் ஒருமுறை பாருங்கள்.

★ எதைப் பழகுகிறோமோ அதில்தான் பெரும்பாலும் தேறுவோம். மெத்தைமேல் கண் மூடி நிற்பதில் கெட்டிக்காரரானவர் குதித்து இறங்குவதிலும் தானாகத் தேறிவிட மாட்டார். அதனால் கடைசியில் பயிற்சி ஆட்டத்தின் அசைவுகளுக்கே வந்தாக வேண்டும்: குதிப்பு, திருப்பம், பந்து, எதிராளி.

★ வலிப்பு நோய் உள்ளவர்கள் சிமிட்டும் கண்ணாடியைத் தொடவே கூடாது. தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கண் மூடும் பயிற்சியில் இறங்க வேண்டாம். மற்றவர்களும் மேசை முனை, படிக்கட்டு இல்லாத இடத்தில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, களைப்பு வருமுன் செய்யுங்கள்.