கிறிஸ்துமஸுக்கு வெளியூர் கிளம்புறீங்களா? திரும்பி வர டிக்கெட்டை முதல்ல போடுங்க

டிசம்பர் பிறந்தால் நிலக்கோட்டையில் இரண்டு பேச்சு ஒன்றாகக் கேட்கும். பனி இறங்கியதும் மல்லிகை வரத்து குறைந்து பூ மார்க்கெட்டில் விலை ஏறுவது ஒன்று. 'கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கே போகலாம்?' என்று வீட்டுக்குள் நடப்பது இன்னொன்று. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்பார்கள். வேளாங்கண்ணியில் நள்ளிரவுத் திருப்பலி, கொடைக்கானலில் இரண்டு நாள், இல்லையென்றால் சென்னையில் இருக்கும் பெரியப்பா வீடு. பூந்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி கூடுதல்: நாம் இல்லாத நாட்களில் விடியற்காலையில் பூப் பறிக்க யார் வருவது?

போவதற்கான ஏற்பாட்டை எல்லோரும் நன்றாகவே செய்கிறோம். திரும்பி வருவதையும், பூட்டிவிட்டுப் போகும் வீட்டையும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடுகிறோம். எங்கள் வீட்டிலும் இதேதான். ஒரு வருஷம் சென்னைக்குப் போக டிக்கெட் உறுதி, திரும்பி வர வெயிட்டிங் லிஸ்ட். கடைசி வரை அது நகரவே இல்லை. பஸ்ஸிலும் இடமில்லாமல் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியதாகிவிட்டது. அம்மா எடுத்துவந்த சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது. பழைய மருந்துச் சீட்டு ஊரில் பீரோவுக்குள் இருந்தது! அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் திரும்பும் தேதியில் இருந்துதான் தொடங்குகிறது.

டிக்கெட்: நாள் கணக்கு

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25 அன்றும், ஜனவரி 1 பயணத்துக்கு நவம்பர் 2 அன்றும் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் தனித்தனியாக போனில் அலாரம் வைத்துவிடுங்கள். நமக்குப் பக்கத்து ரயில் நிலையம் அம்மையநாயக்கனூரில் இருக்கும் கொடைரோடு. சென்னை செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும். கொடைரோட்டில் கிடைக்காவிட்டால் திண்டுக்கல்லில் இருந்து புறப்படும் மற்ற ரயில்களையும் பாருங்கள்.

அந்தத் தேதிகள் தாண்டிவிட்டதா? தட்கல் இருக்கிறது. ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும், 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் திறக்கும். 2025 ஜூலை 1 முதல் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்த்தவர்கள் மட்டுமே ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். இந்தச் சரிபார்ப்பை இன்றைக்கே முடித்துவிடுங்கள். தட்கல் திறக்கும் நேரத்தில் ஓ.டி.பி.க்குக் காத்திருந்தால் டிக்கெட் போய்விடும்.

வெயிட்டிங் லிஸ்ட் பற்றி ஒரு குழப்பம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் ஒருவருக்குக்கூட இடம் கிடைக்காமல் சார்ட் தயாராகிவிட்டால், அது தானாகவே ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு 'டி.டி.ஆரிடம் பேசிக்கலாம்' என்று ஏறினால் டிக்கெட் இல்லாத பயணமாகவே எடுத்துக்கொள்வார்கள், அபராதம் உண்டு.

பஸ்ஸில் போகிறவர்கள் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் tnstc.in தளத்திலோ, செயலியிலோ பதிவு செய்யலாம். பண்டிகைச் சிறப்புப் பேருந்துகளைக் கடைசி வாரத்தில்தான் பெரும்பாலும் அறிவிப்பார்கள் என்பதால், முதல் முறை இடமில்லை என்று வந்தால் விட்டுவிடாமல் மறுபடி பாருங்கள். ஆம்னி பஸ்ஸில் கூடுதல் கட்டணம் கேட்டால் போக்குவரத்துத் துறையின் 1800 425 6151 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். டிக்கெட்டைப் படம் எடுத்து வைத்திருப்பது நல்லது. வேளாங்கண்ணி போகிறவர்கள் திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால், அன்றிரவு தங்கும் இடத்தை உறுதி செய்யாமல் கிளம்ப வேண்டாம்.

கொடைக்கானல் பக்கத்துலதானே?

பக்கம்தான். வத்தலக்குண்டு தாண்டினால் மலை ஏற ஆரம்பித்துவிடலாம். அதனாலேயே பலர் இ-பாஸை மறந்துவிடுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளி வாகனங்களில் செல்வோர் epass.tnega.org தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. 'இ-பாஸ் எடுத்துத் தருகிறோம், 200 ரூபாய்' என்று வரும் லிங்க் எதையும் தொட வேண்டாம். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் காட்டேஜ் பதிவு செய்கிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். அழகான படங்கள், நம்ப முடியாத குறைந்த வாடகை, 'இப்பவே பாதி அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்க, இல்லன்னா ரூம் போயிடும்' என்ற அவசரம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அங்கேயே நில்லுங்கள். அந்த விடுதியின் பெயரை வரைபடச் செயலியில் தேடி, அதில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசிப் பாருங்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே 1930-க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அந்த அளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் அதை முடக்க வாய்ப்பு இருக்கிறது. cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

பூட்டிய வீடு

பஸ் ஏறிய பிறகு 'கேஸை மூடினோமா?' என்று ஒருவர் கேட்பார். அதோடு போச்சு, ஊர் போய்ச் சேரும்வரை அதே பேச்சுதான். கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டர், மோட்டார் சுவிட்ச், பின்பக்கக் கதவு மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும்போது படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். என் அப்பா இதைக் கேலி செய்தார். இப்போது அவர்தான் படம் எடுக்கிறார்.

அதைவிட முக்கியம், உங்கள் பகுதி காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது. 'போலீஸ் ஸ்டேஷனுக்கா? எதுக்கு வம்பு' என்று தயங்குகிறவர்கள் அதிகம். பூட்டிய வீடுகளின் விவரம் கையில் இருந்தால்தான் இரவு ரோந்து போகும் காவலர்கள் அந்தத் தெருவில் ஒரு பார்வை கூடுதலாகப் பார்க்க முடியும். ஒரு வெள்ளைத்தாள் போதும். வீட்டு முகவரி, அருகில் இருக்கும் அடையாளம், போகும் தேதி, திரும்பும் தேதி, உங்கள் போன் எண், சாவி வைத்திருப்பவரின் பெயரும் எண்ணும், வாசலில் வண்டி நிற்கிறதா என்பது. இவ்வளவு எழுதிக் கொடுங்கள்.

நகையை பீரோவில் வைத்துவிட்டு, பீரோ சாவியை அதன் மேலேயே வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வங்கி லாக்கர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பால், பேப்பரை நிறுத்தச் சொல்லுங்கள். வாசலில் நான்கு நாள் பேப்பர் கிடந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அப்படித்தான். படம் நிறைய எடுங்கள், திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

மழையும் மருந்தும்

டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. 2023 டிசம்பர் 17 அன்று, கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கும்போது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அதில் சுமார் 800 பயணிகள் இருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள், ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டி வந்தது. நேற்றுவரை சரியாக இருந்த பாதை ஒரே இரவில் துண்டிக்கப்படலாம். கடலோரம் போகிறவர்கள் கிளம்பும் முன் தமிழக அரசின் டி.என்.-அலர்ட் செயலியில் போகும் மாவட்டத்துக்கு எச்சரிக்கை உள்ளதா என்று பாருங்கள். எந்த மாவட்டத்தில் இருந்தாலும் 1077 அந்த மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும்.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, பயண நாட்களுக்கு மேல் ஐந்து நாள் மாத்திரையைக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் வேண்டாம். மருந்துச் சீட்டையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் படம் எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனில் வைத்திருங்கள். அந்தக் காப்பீடு திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மாநிலம் முழுக்கச் செல்லும், விவரத்துக்கு 1800 425 3993. சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் கட்டணம் இல்லை. ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற எந்த அவசரத்துக்கும் 112.

ஆதார், ஓட்டுநர் உரிமம் இரண்டையும் டிஜிலாக்கரில் இறக்கி வைத்துக்கொண்டால் ரயிலில் அடையாளமாகக் காட்டலாம். காரில் போகிறவர்கள் ஃபாஸ்டேக் இருப்பைக் கொடைரோடு டோல்கேட்டுக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

திரும்பி வந்த அன்று இன்னும் ஒரு போன் பாக்கி. எழுதிக் கொடுத்த காவல் நிலையத்துக்குப் பேசி 'நாங்க வந்துட்டோம் சார்' என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டின் மேல் வைத்திருந்த அந்தக் கூடுதல் பார்வை அடுத்த தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் தேவைப்படும்.