சாலை உயர்ந்தால் வீடு தாழும்

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பழைய வீதிகளினூடே நடந்து செல்பவர்கள், முற்காலத்தில் படியேறி நுழையும்படி கட்டப்பட்ட வீடுகள் சில இன்று படியிறங்கி நுழையும்படி ஆகிவிட்டதையும், திண்ணைகள் தம் உயரத்தை இழந்து தெருவோடு சமமாகக் கிடப்பதையும் காணலாம். வீடுகள் மண்ணுக்குள் இறங்கிவிடவில்லை. சாலைதான் சிறுகச் சிறுக ஏறியிருக்கிறது. தேய்ந்த தளத்தை அகற்றாமல் அதன் மீதே புதுத் தளத்தை விரித்துவிடும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தமையால் நேர்ந்த விபரீதம் இது. ஒரு தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்று கொண்டாலும், ஐந்து தடவைகளில் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு படியின் உயரத்துக்கும் மேலாகச் சாலை வளர்ந்துவிடுகிறது. பிறகு ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் புகுவதும், வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொள்வதும், வசதியற்றவர்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்குவதும் சென்னையில் சாதாரணக் காட்சிகளாகிவிட்டன.

சாலையைப் புதுப்பிப்பது என்பது கருப்பாக ஒன்றைப் பூசிவிடுவது என்ற எண்ணமே இதற்கெல்லாம் மூலகாரணம். நம் கண்ணுக்குத் தெரியும் கருந்தளம், அடியில் இறுக்கப்பட்ட மண், அதன் மேல் சரளை, அதற்கும் மேல் பல அளவு ஜல்லிகளை ஈரப்படுத்திக் கலந்து உருட்டிய அடுக்கு என வரிசையாக அமைந்த ஒரு சரீரத்தின் மேல்தோல் மாத்திரமே. வண்டியின் பாரத்தை வாங்கிப் பரப்பி மண்ணிடம் சேர்ப்பவை அந்த அடுக்குகள். அவற்றுள் தண்ணீர் புகாமல் காப்பது மேல்தளத்தின் பிரதான கடமை. ஜல்லிகளைப் பிணைப்பதற்கு, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் பிட்டுமன் உதவுகிறது. வெயிலும் காற்றும் படப்பட அது நெகிழ்ச்சியை இழந்து இறுகுகிறது, இறுகியது வெடிக்கிறது, வெடிப்பின் வழியே மழை நீர் உள்ளே இறங்குகிறது. நீர் தேங்கிய அடுக்கின் மீது சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த நீர் அழுத்தப்பட்டு, ஜல்லியையும் பிட்டுமனையும் பிரித்தெடுத்துவிடுகிறது. முதல் நாள் மயிரிழைக் கீறலாக இருந்தது சில தினங்களில் குழியாகும் விந்தை இப்படித்தான் நிகழ்கிறது.

சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளில் கிடைக்கும் சார்னோகைட் கல், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கே பரங்கிமலைப் பக்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட அளவுக்குப் பெயர் பெற்றது; உறுதியில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் இவ்வினக் கற்கள் பிட்டுமனைக் காட்டிலும் நீரையே அதிகம் விரும்பும் இயல்புடையவை. ஆகவே எத்தனை நல்ல கல்லானாலும், நீரை ஓட்டிவிடாத சாலை நிலைக்காது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, மீட்டருக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் சரிவு வைப்பதும், ஓரத்து வடிகாலின் வாயைத் திறந்து வைப்பதும் அலங்காரத்துக்காக அல்ல. சாலையின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது.

பாரத்தின் கணக்கு இன்னும் ஆச்சரியமானது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கருகே, பலவகைத் தளங்களை அமைத்து லாரிகளை இடைவிடாது ஓட்டிப் பார்த்த பெரும் பரிசோதனையில், அச்சின் பாரம் இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று தெளிந்தார்கள். மணலும் ஜல்லியும் அளவுக்கு மீறி ஏற்றிய ஒரே லாரி, ஆயிரக்கணக்கான கார்களும் செய்ய மாட்டாத நாசத்தைச் செய்துவிட்டுப் போகிறது.

செம்மையான பராமரிப்பு, குழி விழுமுன்னரே துவங்குவது. கீறலை அடைப்பது, மேலே மெல்லிய பூச்சிடுவது ஆகிய சிறு சிகிச்சைகளுக்கு ஆகும் செலவு, அடியடுக்கு கெட்ட பின் முழுவதையும் பெயர்த்துக் கட்டும் செலவில் சொற்பமே. குழி விழுந்துவிட்டாலும், அதைச் செங்குத்து விளிம்புகளுடன் சதுரமாக வெட்டி, தூசியும் ஈரமும் போக்கி, ஒட்டுவதற்கான குழம்பைத் தெளித்து, கலவையிட்டு இறுக்கினால் நிற்கும். மழை நின்ற இடைவேளையில் ஒரு கூடைக் கலவையைக் கொட்டி மிதித்துவிட்டுப் போனால் அடுத்த மழை வரைக்குமே அதன் வாழ்வு.

தளத்தையே மாற்ற வேண்டிய வேளையில், பழைய மேல்தளத்தை இயந்திரத்தால் சுரண்டியெடுத்து, எடுத்த கனத்துக்கே புதியதை இட வேண்டும். தமிழகத்தில் இந்த நெறியை வற்புறுத்தி, 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். வாசலில் மணல் மூட்டை அடுக்கிய ஜனங்களுக்கு அது மிகுந்த ஆறுதல். சுரண்டியெடுத்த பொருளும் குப்பையன்று. அதிலுள்ள கல்லையும் பிட்டுமனையும் மறுபடி கலவையில் சேர்க்கலாம். புதுக்கலவை ஏறத்தாழ 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் சூட்டில் தயாராகித் தார்ப்பாய் மூடிய லாரியில் வந்து, 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலரால் இறுக்கப்பட்டாக வேண்டும். வழியில் நெரிசலில் சிக்கி ஆறிய கலவையில் கண்ணறைகள் தங்கிவிடும். அவற்றில் நீர் தங்கும்.

மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன், வீசியெறியும் பிளாஸ்டிக்கைத் துணுக்குகளாக்கிச் சுடுஜல்லியின் மேல் உருகிப் படியச் செய்தால் கல்லுக்கும் பிட்டுமனுக்கும் பிணைப்பு வலுப்படுவதோடு, நீர் புகுவதும் குறைகிறது என்று காட்டியது நமக்கெல்லாம் பெருமை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவ்வளவு சிரத்தையோடு இட்ட சாலையைக் குடிநீர்க் குழாய்க்கென்று ஒரு துறையும், மின்கம்பிக்கென்று மற்றொரு துறையும் அடுத்தடுத்து வெட்டுவதுதான் மனத்தை வருத்துகிறது. வெட்டிய பள்ளத்தை மண் தள்ளி மூடி, அடுக்கடுக்காக இறுக்காமல் விட்டால், மேலே எத்தனை அழகாகத் தளமிட்டாலும் அது அமுங்கியே தீரும். ஆகையால் குழாயும் கம்பியும் முதலில், சாலை கடைசியில் என்ற கிரமத்தை, வடகிழக்குப் பருவமழை பிறக்கும் அக்டோபருக்கு முன்பே எல்லாத் துறையினரும் கூடித் தீர்மானிக்க வேண்டும். தெருவில் வேலை துவங்கும்போது, பழைய தளம் சுரண்டப்படுகிறதா, பாதாளச் சாக்கடை மூடிகள் புதுத் தளத்தின் மட்டத்துக்குச் சரிசெய்யப்படுகின்றனவா என்று தெருவாசிகளும் நின்று பார்க்கலாம். குறை கண்டால், ரோலர் புறப்பட்டுப் போவதற்கு முன்பே, 1913 என்ற எண்ணில் சென்னை மாநகராட்சிக்குத் தெரிவித்துவிடலாம்.