ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர்?

வாஷிங் மெஷின் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது ஸ்டார் ஸ்டிக்கரைத்தான். ஐந்து நட்சத்திரம் என்றதும் பில் போடச் சொல்லிவிடுகிறோம். அதே ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் உண்டு: ஒரு கிலோ துணியைத் துவைக்க எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2019இல் கொண்டுவந்த லேபிள் இது. நட்சத்திரங்களைவிட இந்த எண்கள்தான் அதிகம் பேசுகின்றன.

தண்ணீர்க் கணக்கு

டாப் லோடு இயந்திரத்தில் தொட்டி நின்ற வாக்கில் இருக்கும். துணி முழுவதும் மூழ்கினால்தான் அடியில் உள்ள தட்டு அதைச் சுழற்றி அலச முடியும். ஃபிரன்ட் லோடில் ட்ரம் படுக்கைவாட்டில் சுழல்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் போதும். துணி மேலே தூக்கப்பட்டு, அங்கிருந்து தொப்பென்று விழும். துவைக்கிற கல்லில் அடித்துத் துவைப்பதைப் போல, விழுகிற வேகமே அழுக்கைப் பிரிக்கிறது.

ஒரு மெஷின் கிலோவுக்கு 18 லிட்டரும் இன்னொன்று 8 லிட்டரும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 6 கிலோ துணியை வாரம் நான்கு முறை துவைத்தால், ஆண்டுக்கு 12,480 லிட்டர் வித்தியாசம் வரும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த சென்னைவாசிகளுக்கு அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் எங்கே போகிறது?

ஹீட்டர் உள்ள மெஷினில் வெந்நீர் வைத்துத் துவைத்தால், கரண்டைப் பெரிதும் இழுப்பது மோட்டார் அல்ல, ஹீட்டர்தான். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். ட்ரம்மைச் சுழற்ற ஆவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

ஐரோப்பாவில் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் சில்லென்று வரும். சூடாக்கியே ஆக வேண்டும். நம் சமவெளி ஊர்களிலோ மொட்டைமாடித் தொட்டியை வெயிலே சூடாக்கிவிடுகிறது. சலவைத்தூளில் உள்ள நொதிகள் ரத்தம், பால், எண்ணெய் போன்ற கறைகளை உடைக்கின்றன. ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1913இலேயே இந்த உத்திக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய நொதிகள் பலவும் 30 - 40 டிகிரியில் நன்றாக வேலை செய்கின்றன. எனவே அன்றாடத் துணிக்குக் குளிர்நீர்த் தேர்வே போதும். நோயாளியின் படுக்கைவிரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் வெந்நீரை ஒதுக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்குக் கணக்கு வேறு.

1,400 சுற்று வேண்டுமா?

ஸ்பின் வேகம் இரண்டு மடங்கானால், துணியிலிருந்து நீரை வெளியேற்றும் விசை நான்கு மடங்காகும். ஆகவே 700 சுற்றைவிட 1,400 சுற்றில் துணி நன்றாகவே பிழியப்படும். மின்சார டிரையர் வைத்திருப்பவருக்கு இது லாபம். ஒரு லிட்டர் ஈரத்தை ஆவியாக்க மட்டுமே 0.65 யூனிட்டுக்கு மேல் வேண்டும். கொடியில் வெயிலில் காயப்போடுபவர் அந்த வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

பெரிய மெஷினை வாங்கிப் பாதி நிரப்பி ஓட்டுவதும் வீண்தான். துணி பாதியானாலும் தண்ணீரும் கரண்டும் சரிபாதியாகக் குறைவதில்லை. சலவைத்தூளை அள்ளிப் போட்டால் நுரை போக இன்னும் ஒரு முறை அலச வேண்டிவரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஹீட்டரில் உப்புப் படிந்து, அதன் ஆயுள் குறையும். குளிர்நீரில் துவைக்க இது இன்னொரு காரணம்.

வீட்டில் ஒரு நடைக்குச் சேரும் துணி எத்தனை கிலோ என்று முதலில் எடை போட்டுப் பாருங்கள். அந்த அளவுக்குள் கிடைக்கும் மாடல்களின் லிட்டர் எண்ணை ஒப்பிடுங்கள்; அடுத்து யூனிட் எண்ணை. விலை பேசுவது அதற்குப் பிறகு.