அலாரம் அடித்தால் எடுப்பது யார்?

கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு நள்ளிரவில் காய்ச்சல். வெப்பமானி 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. ‘இந்த நேரத்தில் யாரைத் தொந்தரவு செய்வது, விடியட்டும்’ என்று படுத்துவிடுகிறார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் சாதாரணத் தொற்றுகூட சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடும். புற்றுநோய் வார்டு நர்ஸ்களுக்கு இது அடிக்கடி பார்த்துச் சலித்த கதை.

இந்தத் தயக்கத்துக்கு வழி தேடிப் பிறந்ததுதான் பிரிட்டனின் ‘ஏசிம்ஸ்’ என்ற கைப்பேசி முறை. அதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் நோரா கியர்னி; புற்றுநோய்ச் செவிலியத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். நோயாளி வீட்டில் இருந்தபடியே வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், சோர்வு போன்றவை பற்றிய கேள்விகளுக்குப் பதில் தட்டுகிறார். உடல் வெப்பத்தையும் பதிகிறார். என்ன செய்துகொள்ளலாம் என்ற ஆலோசனை கைப்பேசியிலேயே வந்துவிடும். கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் மருத்துவமனைக்கு எச்சரிக்கை போகும்.

இதுவரை சொன்னது எந்தப் பொறியாளரும் செய்துவிடக்கூடியதுதான். அலாரம் அடித்த பிறகு என்ன? அங்கேதான் வார்டு அனுபவம் தெரிகிறது. அவசரம் குறைந்த மஞ்சள் எச்சரிக்கை என்றால் 8 மணி நேரத்துக்குள், அவசரமான சிவப்பு என்றால் 30 நிமிடத்துக்குள் மருத்துவமனையிலிருந்து நோயாளியை அழைத்துப் பேச வேண்டும். எதற்கெடுத்தாலும் சிவப்பு எரிந்தால் ஒரு வாரத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது இரவுப் பணி பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2009-இல் வெளியான, 112 பேரிடம் நடந்த சோதனையில் ஒரு வேடிக்கை. இந்தக் கைப்பேசி முறையைப் பயன்படுத்தியவர்களிடம், பயன்படுத்தாதவர்களைவிடச் சோர்வு குறைவாகப் பதிவானது. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியும் பாதிப்போ கூடுதலாகப் பதிவானது. கருவியா அதைக் கூட்டியிருக்கும்? தினமும் கேட்டதால் வெளியே வந்தது என்று கொள்வதே பொருத்தம். கேட்காவிட்டால் பலர் இதையெல்லாம் சொல்வதேயில்லை.

அடுத்து வந்தது பெரிய சோதனை. ஆஸ்திரியா, கிரீஸ், அயர்லாந்து, நார்வே, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 829 பேர். முடிவு 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. கருவியைப் பயன்படுத்தியவர்களின் தொல்லைகள் கீமோவுக்கு முன்பிருந்த அளவிலேயே நின்றன. மற்றவர்களுக்கு முதல் சுற்றிலிருந்தே கூடின. 24 மணி நேரமும் எச்சரிக்கையைக் கவனித்து, நோயாளியைத் திரும்ப அழைக்க ஆள் இருந்த மருத்துவமனைகளில் கிடைத்த முடிவு இது. செயலியை மட்டும் வாங்க நினைக்கும் நிர்வாகங்கள் அந்தப் பணியிடங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.